அஞ்சாம் நம்பர் காம்பரா

அந்த நாற்காலி வேணாங்கய்யா, ஒரு கால் ஆடும். இப்படி அஞ்சாம் நம்பருக்கு வாங்க. ஆமா, இதேதான். நீங்க கேட்டவரு உக்காந்து வேலை பாத்த எடம். கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டேன், எழும்பட்டும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவால்லல்ல? சும்மா போட்டா வெரசா வந்துரும். நான் இதைப் பழைய நெலமைக்குக் கொண்டு போயி எழுப்புறேன், அதான் லேட்டு. அது என்னான்னு அப்புறம் சொல்றேன். மப்ளர அவுக்காதீங்க, உள்ளயும் குளிருதான். கதவ சாத்துனாலும் இங்க மேகம் உள்ள வந்துரும்.

டீ சொல்லட்டுங்களா? குடிச்சிட்டீங்களா. சேனாதிபதி அண்ணன் கடையிலதான? தெரியும். நீங்க அந்தப் பெஞ்சுல உக்காந்து இந்தப் பக்கம் கை காட்டிக் கேட்டதையெல்லாம் இங்க கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒட்டன்சத்திரத்துலருந்து, சீசன் இல்லாத நாள்ல, வெள்ளை வேட்டியும் மஞ்சப்பையுமா ஒருத்தரு மலையேறி வந்து, ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம, டீக்கடையில உக்காந்து ஒரு பையனப் பத்திக் கேட்டா, அது என்ன சோலின்னு யாருக்குத்தான் தெரியாது? ஜாதகம் ஸ்கேன் பண்ணணும்னு உள்ள வந்தீங்க பாருங்க. ஏங்கய்யா, ஒட்டன்சத்திரத்துல ஸ்கேனரே இல்லையா?

அட, சங்கடப்படாதீங்க. நான் சும்மா வம்புக்குச் சொன்னேன். பொண்ணப் பெத்தவரு மாப்பிள்ளையப் பத்தி நாலு எடத்துல விசாரிக்காம என்ன செய்வாரு? எங்கப்பா இதைச் செஞ்சிருந்தா நானும்... சரி அது விடுங்க. பாப்பா பேரு என்ன? லாவண்யாவா. நல்ல பேரு. படிச்சிருக்கா? பிஎஸ்ஸியா. போன வாரம் வீட்டுக்கு வந்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்களா. தை மாசம் பூ வைக்கிறதா இருக்கீங்களா. அப்ப இன்னும் பூ வைக்கல. சரி சரி.

அண்ணன் என்ன சொன்னாரு? தங்கமான பையன்னாரா. அப்புறம்? எதுக்கும் தமயந்தியக் கேட்டுக்கங்கன்னாரா. ம். நல்ல மனுசன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது, இந்தக் கடைவீதியில யாரக் கேட்டாலும் தங்கம்தான், வைரம்தான். ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைன்னு சொல்லி வச்சிருக்காங்கல்ல. வந்த சம்பந்தத்தக் கலைச்சுவிட்ட பாவம் நமக்கு எதுக்குன்னு எல்லாரும் நழுவிருவாங்க. சேனாதிபதி அண்ணனும் நழுவத்தான் செஞ்சாரு, ஆனா நழுவறப்ப என் பக்கம் கையக் காட்டிட்டு நழுவிட்டாரு.

நாந்தாங்க தமயந்தி. வெளிய போர்டுல போட்டிருக்கே, தமயந்தி நெட் சென்டர். நீங்க என்ன நெனச்சீங்க? ஓஹோ. அவரு தனி ஆளா ஆரம்பிச்ச கடையாமா. இப்ப கோயம்புத்தூருக்குப் போயிட்டதால ஒரு அக்காவ வேலைக்கு வச்சுப் பாத்துக்கிறாராமா. அக்கான்னா சொன்னாரு?

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சேன், பொரையேறிருச்சு. சொல்லட்டும், சொல்லட்டும்.

அக்கா பேரையே கடைக்கு வச்சிட்டாரு பாத்தீங்களா, என்ன பாசம்! இல்லங்க, கடை எங்கப்பா பேருல இருக்கு. நான் டிப்ளமா முடிச்சிட்டு வந்து ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டருமா ஆரம்பிச்சது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ப்ராஜெக்ட் அடிச்சுக் குடுப்பேன், ரிசல்ட் எடுத்துக் குடுப்பேன். நீங்க கேட்டவரு அப்ப ஏரிப் பக்கம் ஒரு ஓட்டல்ல ரிசப்ஷன்ல இருந்தாரு. அந்த ஓட்டல்ல பழைய கம்ப்யூட்டரையெல்லாம் தூக்கிப் போடப் போறாங்கன்னு சொல்லி, அவருதான் ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்து இறக்குனாரு. அது அவரு செஞ்சதுதான். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா நான் பொய் சொல்றதில்ல.

இந்த செட்டப்பு என்னான்னு புரியணுமா? அவரு சொன்னது உங்களுக்கு வெளங்கலையா. அவரு எல்லாத்தையும் இங்கிலீசுலயே சொல்லுவாரு, கேக்குறவங்க தலைய ஆட்டுவாங்க. நான் எங்கப்பாவுக்குச் சொன்ன மாதிரி சொல்றேன். நாங்க சிலோன்லருந்து வந்த ஆளுங்க. எங்கப்பா மூக்கையா அங்க தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு. அங்க லயம்னு ஒண்ணு உண்டு. நீளமா ஒரே கட்டடம், ஒரே கூரை. உள்ள தடுத்துத் தடுத்து விட்டிருப்பாங்க. ஒவ்வொரு தடுப்புக்கும் காம்பரான்னு பேரு, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். தனிக் கதவு, தனி அடுப்பு, தனிச் சண்டை. இங்கிட்டு பானை ஒடைஞ்சா அங்கிட்டு ஒண்ணும் ஆகாது. அதே கதைதான் இதுவும். அந்த மர பீரோவுக்குள்ள ஒரு பெரிய பொட்டி இருக்கு, அதுல லினக்ஸ் போட்டிருக்கு. அதுதான் லயம். அதுக்குள்ள தடுத்துத் தடுத்து ஆறு காம்பரா. வர்ச்சுவல் மிஷினும்பாங்க. ஒவ்வொண்ணும் ஒரு தனி கம்ப்யூட்டரு. வெளிய நீங்க பாக்குற இந்த ஓட்டல் பொட்டிங்க எல்லாம் வெறும் ஜன்னலு. ஹார்டு டிஸ்க்கு எப்பவோ செத்துப்போச்சு. இது வழியா உள்ள இருக்குற காம்பராவ எட்டிப் பாக்குறோம், அவ்வளவுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, உள்ள இருக்குற மிஷினுக்குத் தான் ஒரு நெசமான மிஷினு இல்லைன்னு தெரியவே தெரியாது. எனக்கு டிஸ்க்கு இருக்கு, எனக்கு மெமரி இருக்கு, எல்லாம் என்னோடதுன்னு நம்பிக்கிட்டு ஓடும். பாவம்.

எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேக்குறீங்க. சீசனுக்கு டூரிஸ்ட் வருவாங்கல்ல, ஆளுக்கு ஒரு பென் டிரைவக் கொண்டாந்து சொருகி, ஊர்ல உள்ள வைரஸ் அத்தனையும் இறக்கிட்டுப் போயிருவாங்க. தினம் பார்மேட் பண்ண முடியுமா? இதுல அப்படி இல்ல. வெள்ளனே கடை தொறக்கையில இருந்த நெலமைய அப்படியே படம் பிடிச்ச மாதிரி வச்சுக்கலாம். ஸ்நாப்ஷாட்டுன்னு பேரு. சாயங்காலம் ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டுனா, காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிப் போயிரும். அன்னைக்கு நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி. அந்தச் சோலி என்னோடது. அவரு பீரோ பக்கமே போக மாட்டாரு, குளிருன்னு சொல்லி ஹீட்டர் முன்னாடி உக்காந்துக்குவாரு.

அந்த பீரோ எங்க ஆத்தாவோட துணி பீரோங்க. ஏன் அதுக்குள்ள வச்சோம்னா, இங்க வெயில் பெரச்சனை இல்ல, ஈரம்தான் பெரச்சனை. துணி பூத்துப் போகாம இருக்க இந்த ஊர்ல பீரோவுக்குள்ள ஒரு குண்டு பல்பு எரிய விடுவாங்க. நாங்களும் அதே மாதிரி, பொட்டி அணைஞ்சிருக்கிற நேரமெல்லாம் பல்ப எரியவிட்டு வச்சோம். வெயில்ல காயுற மதுரைக்காரப் பசங்க கேட்டா சிரிப்பாங்க.

ஆரம்பத்துல சுத்தமா ஓடலைங்க. சிடி மட்டும் ஓசியில வந்துச்சு. லினக்ஸ் வேணும்னு எழுதிப்போட்டா வெளிநாட்டுலருந்து தபால்லயே அனுப்பிருவாங்க அப்ப. போஸ்ட்மேன் அந்தக் கவரக் குடுக்கறப்ப, என்னம்மா பாரின் மாப்பிள்ளையான்னு கேட்டாரு. போட்டாச்சு, எல்லாம் வந்துச்சு, ஆனா காம்பரா ஒண்ணு கூட எழும்ப மாட்டேங்குது. என்னென்னமோ செஞ்சு பாத்தோம். அவரு வெறுத்துப்போயி பழனிக்கே போறேன், எங்கப்பா பஞ்சாமிர்தக் கடையில உக்காந்துக்கிறேன்னு பையத் தூக்கிட்டாரு. கடைசியில பாத்தா, பெரிய பொட்டியோட மதர்போர்டுக்குள்ளயே ஒரு செட்டிங்கு, சுவிட்ச அணைச்ச மாதிரி அணைஞ்சு கெடந்திருக்கு. அதை ஆன் பண்ணதும் ஒண்ணாம் நம்பர் எழும்புச்சு பாருங்க. ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சோம். சேனாதிபதி அண்ணன் என்னமோ ஷாக் அடிச்சிருச்சுன்னு கம்ப எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு.

சிரிக்கிறீங்களா. எனக்கும் அதை நெனச்சா இப்பவும் சிரிப்புதான் வருது. அதுக்கப்புறம்தான் வேற மாதிரி வருது.

எங்க தங்கியிருந்தாரா? இங்கதான். இந்தக் கதவுக்குப் பின்னாடி ரூம் இருக்கு. சாப்பாடும் இங்கதான். நாந்தான் பொங்குவேன். தோசைக்கு எங்க ஆளுங்க வைக்கிற தேங்காச் சம்பல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். குடியா? சேச்சே, அதெல்லாம் கெடையாது. சிகரெட்டு கூடக் கெடையாது. கோவமும் ரொம்ப வராது. நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் அவரு பாஸுங்கய்யா.

அட, போச்சு. உக்காருங்க உக்காருங்க, பயப்படாதீங்க, கரண்டு கட்டுதான். இந்நேரத்துக்குத் தினம் போறது. கீச்சு கீச்சுன்னு கத்துறது யூபிஎஸ்ஸு. அது பீரோவுல இருக்குற பெரிய பொட்டிக்கு மட்டும். இந்த ஜன்னலுங்கதான் அணைஞ்சிருச்சு, உள்ள அஞ்சாம் நம்பர் பாட்டுக்கு எழும்பிக்கிட்டுதான் இருக்கு. கரண்டு வந்ததும் இது தானா போயி அதோட ஒட்டிக்கிரும். உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமிருக்குல்ல? அப்ப இருங்க. பாக்காமப் போகக் கூடாது.

எங்க விட்டேன்? ஆங், அஞ்சாம் நம்பரு. மத்த அஞ்சும் கஸ்டமருக்கு. இது மட்டும் அவருக்கு. அவரு ஒரு லினக்ஸ் பரிச்சை எழுதணும்னு சொன்னாரு. அதுக்குப் பழகணும்னா பெரிய கம்பெனியில இருக்குற மாதிரி நாலஞ்சு சர்வர் வேணும். நமக்கு எங்க போறது? அஞ்சாம் நம்பருக்குப் பக்கத்துலயே, சாயங்காலம் கடை சாத்துன பொறகு, குட்டி குட்டியா சர்வருங்கள எழுப்பிக் குடுத்தேன். இது மெயில் சர்வரு, இது பைல் சர்வருன்னு பொம்மைக் கல்யாணம் மாதிரி ஒரு பொம்மை கம்பெனி. அதுல உக்காந்து அவரு உடைப்பாரு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா உடைப்பாரு. எல்லாம் போச்சு, வா இங்கன்னு கத்துவாரு. நான் அடுப்புலருந்து கையத் தொடைச்சுக்கிட்டே வந்து சனிக்கெழம ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பிக் குடுத்துட்டுப் போவேன். அவரோடதுக்கு மட்டும் சனிக்கெழமதோறும் ஒண்ணு எடுத்து வச்சிருவேன், பழசையும் அழிக்க மாட்டேன்.

இப்ப உக்காந்து யோசிச்சுப் பாத்தா, அதுலதான் அவரு கெட்டுப்போனாரோன்னு தோணுதுங்க. எதை உடைச்சாலும் இவ பழையபடி ஆக்கிக் குடுத்துருவான்னு மனசுல பதிஞ்சு போச்சு.

பரிச்சை பாஸாயிட்டாரு. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை. கெளம்பறப்ப இந்த ஆறு காம்பராவையும் ஒரு டிஸ்க்குல காப்பி போட்டுக் குடுன்னாரு. நானே போட்டுக் குடுத்தேன். தயிர்சாதத்தோட சேத்துப் பையில வச்சு விட்டேன். அதைத்தான் அங்க ஒரு மில்லு ஆபீசுக்கு அப்படியே பிரிச்சுப் போட்டு, நூத்துக்கணக்குல டெஸ்க்டாப்பா ஓட விட்டிருக்காரு. எல்லாம் நானே தனியா கண்டுபிடிச்சேன்னு மேடையேறி மொமெண்டோ வாங்கியிருக்காரு. போட்டோ வேற அனுப்புனாரு எனக்கு. பாருங்கய்யா, இங்க ஒரு ஆணி கூடக் காணாமப் போகல. எல்லாம் இருந்த எடத்துல இருக்கு. ஆனா என் வீடு களவு போயிருச்சு. இதை எந்த ஸ்டேசன்ல போயி எழுதிக் குடுக்கறது?

அதுகூடப் போகட்டும்னு விட்டேன். அவருக்கு வந்தா என்ன, எனக்கு வந்தா என்னன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனைக்க முடியும் அன்னைக்கு. மொதல்ல வாரா வாரம் வந்தாரு. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்புறம் போனு. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுக்கப்புறம் எங்கம்மாகிட்டப் பேசுறேன்னாரு. என்ன பேசணுமா? அதாங்க, சிலோன்காரங்க வீட்டு விசயம். அவுக பெரிய எடம், பழனியில நாலு பேருக்குத் தெரிஞ்ச குடும்பம். சரி, பேசட்டும்னு இருந்தேன்.

கடைசியா ஆடி மாசம் வந்தாரு. நேரா இந்த நாற்காலியிலதான் உக்காந்தாரு. சாப்பிடக்கூட எந்திரிக்கல. என்ன செய்றீங்கன்னா, கொஞ்சம் க்ளீன் பண்றேன், பழைய குப்பையெல்லாம் கெடக்குன்னாரு. செய்யட்டும்னு நானும் காப்பி வச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். போன பொறகு தொறந்து பாக்குறேன், கழுவிவிட்ட மாதிரி இருக்கு. அவரு இங்க இருந்ததுக்கு ஒரு அடையாளம் இல்ல. படம் இல்ல, மெயில் இல்ல, ஒண்ணுமில்ல. என்னோட செல்லுலயும் இருந்ததையெல்லாம் மெமரி கார்டு மாத்தித் தர்றேன்னு வாங்கி வழிச்சிட்டுத்தான் குடுத்திருக்காரு. அன்னைக்கு ராத்திரி முழுக்க இதை அணைச்சு அணைச்சுத் தொறந்து பாத்தேங்கய்யா.

அழுகலைங்க. யூபிஎஸ் சத்தம் கேட்டா எனக்குக் கண்ணு எரியும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒண்ணுமே இல்ல, போனும் இல்ல. முந்தாநேத்துதான் கூப்பிட்டாரு. எத்தனை மாசம் கழிச்சு! நல்லாருக்கியான்னு கேக்கல. ஒட்டன்சத்திரத்துலருந்து நாச்சிமுத்துன்னு ஒரு பெரியவர் வருவாரு, சென்டரப் பாக்கணும்னு அடம் பிடிக்கிறாரு, நல்லவிதமா நாலு வார்த்த சொல்லி அனுப்பிரு, உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கான்னாரு. கேட்டீங்களா? என்கிட்டயே சொல்றாருங்கய்யா. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டு, அறுத்த கத்தியக் கழுவிக் குடுன்னு என்கிட்டயே நீட்டுறாரு. இந்தத் தடவையும் உடைச்சிட்டு, வா இங்கன்னு கூப்பிடுறாரு. வலிக்குதுங்கய்யா. வேலையத் தூக்கிட்டுப் போனது கூட இப்படி வலிக்கல.

சரின்னுதான் சொன்னேன். நல்லவிதமா சொல்றேன்னேன். சொல்லிட்டேன்ல? குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, கெட்டிக்காரரு. ஒண்ணுலயாச்சும் பொய் கலந்தேனா?

அந்தா, கரண்டு வந்துருச்சு. பாத்தீங்களா, இது தானா போயி ஒட்டிக்கிச்சு. உள்ள எப்பவோ எழும்பி நமக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. இருங்க, மேலருந்து கீழ கொஞ்சம் கொஞ்சமாத்தான் படம் வரும், பழைய பொட்டி.

அவ்வளவு படிச்சவரு, பரிச்சை எழுதுனவரு, எல்லாத்தையும் தொடைச்சாரே, சனிக்கெழம ஸ்நாப்ஷாட்ட மறந்துட்டாரு பாருங்க. ஏன் மறந்தாரு? அது அவரு பாத்த சோலி இல்ல. பீரோ பக்கமே வந்ததில்லையே. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சவரு, சோத்த வடிச்சவளக் கணக்குல எடுத்துக்கல. ஆடி மாசத்துக்கு முந்துன ஒரு சனிக்கெழமைக்குத்தான் இப்ப கொண்டு போயி எழுப்பியிருக்கேன். அப்ப அவரு டெஸ்க்டாப்புல என்ன படம் வச்சிருந்தாரோ அதுதான் வரும்.

கொடை தெரியுதா? கருப்புக் கொடை. குறிஞ்சியாண்டவர் கோயில் வாசலு, அன்னைக்கு மேகம் எறங்கிச் சாரல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. கொடையப் பிடிச்சிருக்கறது சேனாதிபதி அண்ணன், உங்களுக்கு டீ குடுத்தாரே, அவருதான். இந்தப் பக்கம் துண்டு போட்டிருக்கறது எங்கப்பா. கண்ணு கலங்கியிருக்கு பாருங்க. கீழ வரட்டும், இருங்க.

ஏங்கய்யா, நீங்க வந்ததுலருந்து அவரு, அவருன்னுதான பேசிக்கிட்டு இருக்கேன். பேர ஒரு தடவையாச்சும் சொன்னேனா? எவ்வளவு படிச்சாலும் அது மட்டும் வர மாட்டேங்குது. எங்க ஆத்தா பழக்கிவிட்டது அப்படி, கட்டுனவர் பேர வாயில எடுக்கக் கூடாதுன்னு.

ஆமாங்க, அது நாந்தான். மாலை கொஞ்சம் வாடித்தான் இருக்கும், வத்தலக்குண்டுலருந்து பஸ்ஸுல வந்த மாலை. பக்கத்துல யாருன்னு உங்களுக்கே தெரியும், போன வாரம் உங்க வீட்டுல உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டவருதான். அவரைவிட நான் நாலு வயசு சின்னவங்க. அக்காவாமுல்ல.

எந்திரிக்காதீங்க, மெதுவா, தண்ணியக் குடிங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. இதைக் கலர்ல ஒரு பிரிண்ட் போட்டுத் தரட்டுங்களா? லாவண்யா பாப்பாவும் பாக்கணும்ல.